நெஞ்சுக்குள் ஒரு ‘டக்’

“செத்துட்டாரும்மா. உங்க கையாலேயே செத்துட்டாரு,” என்றார் பயிற்சியாளர்.

ஆயா மண்டியிட்டபடியே தலையைக் குனிந்துகொண்டார். தரையில் கிடந்தவருக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் கிடையாது. காலையிலிருந்து எத்தனையாவது முறை சாகிறோம் என்பது அவருக்கே மறந்துபோயிருக்கும். ரப்பர் பொம்மை என்பதால் பொறுத்துக்கொண்டு கிடந்தார்.

குழந்தைகள் காப்பகத்தின் சாப்பாட்டு அறையில் மேசைகளை ஓரங்கட்டிவிட்டு முதலுதவி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சமையல்காரர், வேன் டிரைவர், காவலாளி எல்லாரும் தேறி, சான்றிதழும் கையுமாகச் சுவரோரம் நின்றார்கள். மிச்சம் ஆயா ஒருவர்தான். சான்றிதழ் இல்லாதவர் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது.

இத்தனைக்கும் ஆயா மக்கு இல்லை. தொண்டையில் எதையோ அடைத்துக்கொண்ட கைக்குழந்தைப் பொம்மையை முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகில் அவர் தட்டிய அழகில் பயிற்சியாளரே அசந்துபோனார். பெரிய பொம்மையிடம் வந்தால்தான் தகராறு.

“இன்னொரு தடவ. முதல்லேர்ந்து,” என்றார் பயிற்சியாளர். வருஷக்கணக்காக ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவர். அங்கேகூட இப்படி வியர்த்ததில்லை.

ஆயா பொம்மையின் தோளைத் தட்டிக் கூப்பிட்டார். ஆம்புலன்ஸுக்குப் போன் போடும்படி டிரைவரிடம் சொன்னார். மூச்சு வருகிறதா என்று கன்னத்தை அதன் வாயருகே கொண்டுபோனார். பிறகு அவர் விரல்கள் தாமாகப் பொம்மையின் கழுத்துக்குக் கீழே போய் எதையோ அவிழ்க்கத் தேடின.

“என்ன தேடுறீங்க?”

“சட்டை பட்டன் சார்.”

“அவரு சட்டையே போடலம்மா. என்கிட்ட வேலைக்கு வந்த நாள்லேர்ந்து இப்படித்தான் கிடக்காரு. நான் குடுக்குற சம்பளம் அப்படி.”

அறையே சிரித்தது. மனைவியை அழைத்துப்போக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆயாவின் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. “சீக்கிரம் முடி. என்னால ரொம்ப நேரம் உக்கார முடியாது,” என்றார்.

ஆயா உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் பதித்து, மறு கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல் அமுக்கினார். சரியான ஆழத்துக்குப் போனால் பொம்மைக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டது. ஆயா சுடுசட்டியைத் தொட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார்.

“ஏன் நிறுத்துறீங்க?”

“சத்தம் வந்துச்சு சார்.”

“வரணும்மா. வந்தாத்தான் ஒழுங்கா அமுக்குறீங்கன்னு அர்த்தம். நீங்க கைய எடுத்தா அவரு மூளைக்கு ரத்தம் போகாது.”

“சத்தம் வராத மாதிரி மெதுவா அமுக்கினா ஆகாதா?”

“அதுக்குப் பேரு தாலாட்டு. பிள்ளைங்கள தூங்க வைக்கிற பழக்கத்துல இவரையும் மொத்தமா தூங்க வச்சிடாதீங்க.”

அடுத்த முறை ஆயா கையை எடுக்கவில்லை. ஆனால் அமுக்கவும் இல்லை, தடவிக்கொடுத்தார். பயிற்சியாளர் பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சுக் கொடுக்கச் சொன்னார். நெற்றியைப் பின்னால் சாய்த்து, நாக்கு தொண்டையை அடைக்காதபடி தாடையைத் தூக்கி, ஆயா ஊதியதும் பொம்மையின் மார்பு அம்சமாக உயர்ந்தது. இப்படி ஊதத் தெரிந்தவருக்கு அமுக்க மட்டும் வரவில்லையே என்று பயிற்சியாளருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

“கையில பலம் இல்லாம இல்ல சார்,” என்றார் கணவர் பின்னாலிருந்து. “அதெல்லாம் தேவைக்கு மேலயே இருக்கு.”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. ஏம்மா, உங்களுக்கு என்னதான் பிரச்சினை? கத்திக் கத்தி எனக்கே மூச்சு வாங்குது. நான் இங்க விழுந்தா யாரு காப்பாத்துவா, நீங்களா?”

ஆயா நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. “நிஜ ஆளுக்கு உள்ள இப்படிச் சத்தம் கேட்டா, நான் தப்பா பண்ணிட்டேன்னு அர்த்தமா சார்?”

பயிற்சியாளரின் கோபம் பாதி இறங்கிவிட்டது. பக்கத்தில் வந்து குந்தினார். “விலா உடைஞ்சிருக்கும். ஒழுங்கா அமுக்கினாலே பல பேருக்கு உடையும். அதுக்கு பயந்து நிறுத்தினா ஆளே போயிடுவாரு. உடைஞ்ச விலா ஒட்டிக்கும்மா, போன உயிர் ஒட்டாது.”

“தப்பில்லையே?”

“தப்பே இல்ல.”

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார்.”

இறங்கிய கோபம் வட்டியோடு ஏறியது. “விலா உடைஞ்சா தப்பே இல்ல, போதுமா?” என்று பயிற்சியாளர் போட்ட சத்தத்தில், ஒன்றும் கேட்காததுபோல் சமையல்காரர் விட்டத்தைப் பார்த்தார்.

ஆயா கண்ணைத் துடைத்துக்கொண்டு பொம்மையின் மேல் குனிந்தார். டக், டக், டக் என்று ஒரே சீராகக் கேட்டது. பயிற்சியாளர் போதும் என்று சொல்லியும் நிற்கவில்லை. தோளைத் தொட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

பயிற்சியாளர் பெருமூச்சு விட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். ஆயா அதை வாங்கிக்கொண்டு நேரே கடைசி பெஞ்சுக்குப் போய், மெதுவாக எழுந்துகொண்டிருந்த கணவரின் எதிரே நின்றார்.

“கேட்டீங்கல்ல? மூச்சில்லாம கிடந்த உங்கள அமுக்கிக் காப்பாத்தினதப் போயி, பொண்டாட்டி குத்தி விலாவ உடைச்சிட்டான்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க.”