முஸ்கதேயும் மெதுவடையும்

பாட்டில் ஃப்ரிஜ்ஜில் இல்லை.

அவள் மறுபடியும் திறந்து பார்த்தாள். மோர்ச் சட்டி இருந்தது. மல்லிகைப் பொட்டலம் இருந்தது. காலையில் எர்வானின் அப்பா இரண்டு கையாலும் நீட்டிய வெள்ளை ஒயினை மட்டும் காணோம்.

கூடத்தில் இலை போட்டாயிற்று.

"அம்மா, அந்த பாட்டில் எங்க?"

"சாமிகிட்ட இருக்குது. பொண்ணு கேட்டு வந்தவங்க குடுத்தத வேற எங்க வெப்பாங்க?"

பூஜை அலமாரியில், வாழைப்பழத் தட்டுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தது அந்த முஸ்கதே ஒயின். கழுத்தில் ஒரு முழம் கதம்பம். லேபிளில் சந்தனம், குங்குமம். விளக்குச் சூட்டில் பாட்டில் வெதுவெதுவென்று இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. குளிர்ந்தால்தான் அந்த ஒயினுக்கு உயிர். குண்டானில் ஐஸைக் கொட்டி பாட்டிலை அமுக்கினாள். பூவைக் கழற்ற மட்டும் மனம் வரவில்லை.

சாயங்காலம் எர்வானும் அவன் அப்பாவும் ஊருக்குக் கிளம்புகிறார்கள்.

அப்பா இன்னும் சம்மதம் சொல்லவில்லை.

பிரான்சில், நாந்த் நகரத்தில் கூடப் படித்த எர்வானைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொன்னபோது அப்பா ஒன்றும் குதிக்கவில்லை. ஜாதகம் கேட்டார், அவ்வளவுதான். அங்கே பிறப்புச் சான்றிதழிலேயே பிறந்த நேரத்தையும் போட்டுவிடுகிறார்கள். அதுவே வினையாகப் போயிற்று. ஜோசியர் கணக்குப் போட்டுப் பார்த்ததில் பத்துப் பொருத்தத்தில் பாதிகூடத் தேறவில்லை.

வந்தவர்களுக்கு மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் காபியா? "தக்கோர்." கடற்கரைக்குப் போய் வரலாமா? "தக்கோர்." ஐயாவுக்கு ‘முசே’, சரிக்குத் ‘தக்கோர்’ என்று இரண்டே பிரெஞ்சுச் சொல்லை வைத்துக்கொண்டு புதுச்சேரியில் ஆயுளையே ஓட்டியவர் அவர். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் அந்தத் தக்கோர் எங்கோ போய் ஒளிந்துகொள்ளும்.

எர்வானின் அப்பா மர்செல், இலைமுன் சம்மணம் போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்று அவளையும் பந்தியில் உட்கார வைத்திருந்தார்கள், அப்பாவுக்கும் எர்வானுக்கும் நடுவே.

கதம்பத்தோடு பாட்டில் வந்ததும் மர்செல் கைதட்டினார். லுவார் ஆறு கடலில் விழுகிற பக்கத்தில் அவருடைய சொந்தத் தோட்டத்துத் திராட்சை அது. குளிர்காலம் முழுக்க அடிமண்டியோடு கிடந்து ஊறியது. அவரே எல்லோருக்கும் ஊற்றினார். வீட்டில் ஒயின் கோப்பை ஏது, எவர்சில்வர் டம்ளர்தான்.

அப்பா டம்ளரைத் தொடவில்லை. ஆனால் கேட்டார்.

"இது எதோட சேரும்? கேளு."

அவள் கேட்டாள். மர்செல் உற்சாகமாக விரல் மடக்கினார். சிப்பி, மட்டி, இறால், நண்டு, பொரித்த மத்தி. கடலில் கிடப்பது எதுவானாலும் சரி.

தமிழில் சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கியது. இன்று வெள்ளிக்கிழமை. இலையில் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், மெதுவடை. கவிச்சிக்கு இந்த வீட்டில் இன்று இடமே கிடையாது.

"அப்ப இதுவும் பொருந்தல" என்றார் அப்பா.

அந்த ‘இதுவும்’ அவளைச் சுருக்கென்று தைத்தது.

மர்செலுக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குப் பசி. சூடு பறக்கும் வடையைப் பிய்த்து வாயில் போட்டார், மேலே ஒரு மடக்குக் குடித்தார்.

மெல்லுவது நின்றது.

கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு துண்டு வடை. இன்னொரு மடக்கு. ஒயினின் புளிப்பு வடையின் எண்ணெயை அப்படியே வழித்துக்கொண்டு போயிருக்க வேண்டும், மிளகு மட்டும் நாக்கில் நின்றிருக்க வேண்டும். தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டு, கூடமே அதிரக் கத்தினார்.

"அக்கோர்! அக்கோர் பர்ஃபே!"

அப்பாவின் கை சாதத்தில் நின்றது. அது முக்கால்வாசி அவருடைய தக்கோர்.

"என்னா சொல்றாரு?"

சாப்பாடும் ஒயினும் ஜோடி சேர்ந்துவிட்டால் அங்கே அக்கோர் என்பார்கள். மனிதர்கள் மனம் ஒத்துப்போனாலும் அக்கோர்தான். தமிழில் எதைச் சொல்வது?

"பொருத்தம்ங்கிறாருப்பா. முழுப் பொருத்தமாம்."

அப்பா மர்செலைப் பார்த்தார். வாயெல்லாம் எண்ணெயும் சிரிப்புமாக, அந்த மனிதர் இன்னொரு வடைக்காக இலையைத் துழாவிக்கொண்டிருந்தார். வடை தீர்ந்திருந்தது.

காலையிலிருந்து அவரை "முசே, முசே" என்று மட்டுமே கூப்பிட்டுவந்த அப்பா, சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"ஏய், சம்பந்திக்கு இன்னும் ரெண்டு வடை கொண்டா."

உள்ளே கரண்டி விழும் சத்தம் கேட்டது.

எர்வான் அவள் பக்கம் சாய்ந்து, ‘சம்பந்தி’ என்ற இந்தப் புதுச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். பதில் சொல்லுமுன், சந்தோஷத்தில் கைக்கு எட்டிய டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தாள்.

அது தண்ணீர் இல்லை. அப்பா தொடாமல் வைத்த ஒயின் டம்ளர்.

அப்பா பார்த்தார்.

பிறகு குனிந்து, ரசத்துக்காகச் சாதத்தில் நிதானமாகக் குழி பறித்தார்.