மாசிக்கு வைத்த பெயர்கள்

ஒரு ஏரி, கரையில் ஒரு கருவேல மரம், மரம் கொள்ளாத கொக்குகள். அங்கே வெண்ணி என்கிற கொக்கு கூடு கட்டிக்கொண்டிருந்தாள். வலையில் சிக்கி ஒரு காலை இழந்தவள். அவளுடைய ஜோடி மாசி குச்சி பொறுக்கிவந்து தருவான். அவள் வாங்கிச் செருகுவாள். கொக்குகளின் வழக்கம் அது.

மரம் சும்மா இருக்குமா? மேல்கிளை மாசிக்குத் தியாகி என்று பெயர் வைத்தது. கீழ்க்கிளை, அவன் நொண்டிப் பித்தன், நொண்டிகளைத்தான் பிடிக்கும், அது ஒரு மாதிரி நோய் என்றது. வெண்ணியை இரண்டுமே முள்ளாகக் குத்தின. இரண்டிலும் மாசி இருந்தான், அவளுடைய இல்லாத கால் இருந்தது, அவளைத்தான் காணோம்.

பொறுக்கமாட்டாமல் பக்கத்துக் கூட்டு அல்லியக்காவிடம் கேட்டாள்.

"அவருக்கு இத்தனை பேர் வச்சீங்களே, எனக்கு என்னக்கா பேரு?"

"உனக்கு எதுக்குடி பேரு? வந்தவனை வேணாம்னு சொல்ற நிலைமையிலயா நீ இருந்தே?"

"சொன்னேனே! இவருக்கு முன்னால வந்தவங்களை எல்லாம் கொத்தி விரட்டினேன். 'பாவம், உன்னால முடியாது'ன்னு அவங்களே என் கூட்டுல குச்சியைச் செருகினாங்க. என் அலகுல குடுத்துட்டு ஓரமா நின்னது இவர் ஒருத்தர்தான். அப்படிப்பட்ட ஆளைத்தான் எனக்குப் பிடிக்கும். அதுக்கு என்ன பேருக்கா?"

அல்லியக்கா ஒரு காலை இறகுக்குள் மடக்கிக்கொண்டு, மரத்திலிருந்த மற்ற கொக்குகளைப் போலவே ஒற்றைக்காலில் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டாள்.