தண்ணீராகும் ரத்தம்

இருட்டாக்கிய அறையில் ஸ்கேன் திரை மட்டும் நீலமாக ஒளிர்கிறது. அவள் வயிற்றில் தடவிய குளிர்ந்த பசையின் மேல் டாக்டரம்மாவின் கை அழுத்தாமல், அசையாமல் நிற்கிறது. குழந்தையின் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் திரையில் சிவப்பாகத் துடிக்க, ஸ்கேன் பெட்டிக்குள்ளிருந்து ‘உஷ் உஷ்’ என்று இரைச்சல் வருகிறது. “என்ன வேகமா ஓடுது பாரு, அப்படியே என்னை மாதிரி,” என்கிறான் தலைமாட்டில் நிற்கும் கணவன். அவள் பல்லைக் கடித்துக்கொள்கிறாள். முதல் கரு கலைந்த அன்று, அவள் ரத்த வகையும் அவன் ரத்த வகையும் ஒத்துப்போகாததால், அடுத்த குழந்தையை அவள் உடம்பு எதிர்க்காமலிருக்கப் போடவேண்டிய ஊசியை, “போனதுக்கு எதுக்குங்க ஊசி” என்று தடுத்தவன் அவன்தான். டாக்டரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்கிறார்: “ரத்தம் தண்ணியாயிட்டா வேகமாத்தாங்க ஓடும். அம்மா உடம்பு குழந்தையோட ரத்தத்தை அழிச்சுக்கிட்டிருக்கு. நாளைக்கே தொப்புள்கொடி வழியா ரத்தம் ஏத்தணும், இல்லேன்னா தாங்காது.” இரைச்சல் ஓயவில்லை. அவன் அவசரமாகச் சட்டைக்கையை மடித்துக் கையை நீட்டுகிறான். “என் ரத்தத்தை எடுத்துக்குங்க டாக்டர், எவ்வளவு வேணும்னாலும்.” அவள் அப்போதுதான் அவன் பக்கம் தலையைத் திருப்புகிறாள். “கையை இறக்குங்க. உங்க ரத்தம் அதுக்குள்ள ஓடுதுன்னுதான் என் உடம்பே அதை அடிக்குது.”