அப்படி ஓர் ஊர் இல்லை

"இந்தப் புத்தகத்துல சொல்லியிருக்கிற ஊர் எங்கம்மா இருக்கு?"

கல் குவாரிக் கம்பெனியின் வக்கீல் சிரித்த முகத்தோடுதான் கேட்டார். மரியாதைக்குக் குறைவில்லை. புத்தகத்தைக்கூட இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அதை எழுதியவள் எதிரே நின்றிருந்தாள்.

அந்த ஊர் எங்குமே இல்லை. அதை உண்டாக்கியதே அவள்தான்.

அவள் படித்த சமூக ஆய்வுப் படிப்பில் அதுதான் முதல் பாடம். உன்னை நம்பிப் பேசியவர்களைக் காட்டிக் கொடுக்காதே. பெயரை மாற்று, ஊரை மாற்று. எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவள் அவள். மலையடிவாரத்து ஊரைத் தூக்கி ஆற்றங்கரையில் வைத்தாள். புருஷனை அண்ணனாக்கினாள். மகனை மகளாக்கினாள். ஆடுகளைக்கூட விடவில்லை, மாடுகளாக்கினாள். கல் உடைக்கும் இயந்திரமும் அதன் தூசியும் மட்டும் இருந்தபடி இருந்தன. ஊருக்குள் புத்தகம் ஒன்றுகூடப் போகாமல் பார்த்துக்கொண்டாள், அதுவும் அவர்கள் நல்லதுக்குத்தான்.

எந்தக் கொம்பன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று அறிஞர்கள் மெச்சினார்கள். விருதுகூடக் கொடுத்தார்கள்.

இன்று கொம்பன் வந்திருந்தார். கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

குவாரிக்கு மறுபடியும் உரிமம் கொடுக்கலாமா, கூடாதா என்பதுதான் விசாரணை. தூசி ஆளைக் கொல்கிறது என்று சொல்ல இந்த ஒரு புத்தகத்தை விட்டால் வேறு நாதியில்லை. செத்தவர்களுக்கெல்லாம் கம்பெனி டாக்டர் காசநோய் என்று எழுதிக் கொடுத்தாயிற்று.

"அந்தப் பேர்ல ஊர் இல்லைங்க" என்றாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நிஜமான பேரைச் சொல்லிடுங்களேன்."

சொல்லிவிடலாம். அந்த ஊரே கூடத்தின் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தது. கம்பெனியே லாரி வைத்துக் கூட்டி வந்து, ஆளுக்கொரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்திருந்தது. பேசாமல் இருந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. மேஸ்திரி ஓரத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தார்.

நடுவில் அக்கா இருந்தாள்.

ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அக்காதான். அவள் வீட்டில் தங்கி, அவள் கையால் சாப்பிட்டு, அவள் சொல்லச் சொல்ல எழுதியது. அவளுடைய ஒரே மகன் இப்போது அப்பன் நின்ற அதே இயந்திரத்தடியில் நிற்கிறான். குடியிருக்கும் வீடு கம்பெனியுடையது. பெயரைச் சொன்னால் நாளைக்கே சட்டிபானை தெருவுக்கு வரும். சொல்லாவிட்டால் தூசி மகனையும் கொண்டு போகும்.

சொல்லட்டுமா என்று எழுதியவள் கண்ணாலேயே கேட்டாள். அக்கா லேசாகத் தலையசைத்தால் போதும்.

தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அக்கா சிரித்தாள்.

வக்கீல் ஐந்தாம் அத்தியாயத்தைப் பிரித்து வாசித்தார். நன்றாகவே வாசித்தார், பாவி. மூச்சு முட்டும் அண்ணனைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, தங்கை அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருக்கிறாள். விடிந்தும் தடவுகிறாள். அவன் எப்போதோ போய்விட்டது அவளுக்குத் தெரியவில்லை.

வாசித்து முடித்து வக்கீல் புத்தகத்தை மூடினார்.

"நல்ல கதைங்க ஐயா. கதைக்கு நாங்க என்ன பதில் சொல்றது?"

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவள் கடைசிவரை பெயரைச் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். இல்லாத ஊரைப் பற்றிய நூலைச் சாட்சியமாக ஏற்பதற்கில்லை என்று அதிகாரி எழுதினார். சாப்பாட்டு வேளைக்கு முன்பே எல்லாம் முடிந்தது.

வராந்தாக் குழாயில் முகம் கழுவினாள். கழுவக் கழுவ அழுகைதான் வந்தது. அக்காவின் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று நினைத்த நேரத்தில் தோளில் ஒரு கை விழுந்தது. காய்ப்புக் காய்த்த அந்தக் கையை அவளுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும்.

அக்காவும் அழுதிருந்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னை மன்னிச்சிடுக்கா" என்று ஆரம்பித்தவளை அக்கா பேசவே விடவில்லை.

"பாவம், யாரு பெத்த பொண்ணோ. உசிரு போனதுகூடத் தெரியாம அண்ணன் முதுகைத் தடவிக்கிட்டே இருந்திருக்கா பாரு. நானும் அவருக்கு அப்படித்தானே தடவிக்கிட்டு இருந்தேன். உங்கிட்ட சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

அவள் தலையாட்டினாள்.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தார். அக்கா நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினாள். அவள் குரலில் கோபம் ஒன்றும் இல்லை.

"அவளுக்காவது எழுத ஒரு ஆள் கெடச்சிருக்கு. எங்க கதையை எப்பம்மா எழுதப் போற?"