நெடுஞ்சாலையில் ஒரு தாய்

அந்தப் படத்துக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம். விலகட்டும் என்று அவள் ஓரமாக நின்றாள்.

அவர்கள் விலகுவதாக இல்லை.

எக்கிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது தன்னுடைய கைதான். ஆளுயரச் சட்டத்துக்குள்ளிருந்து அது பார்ப்பவர்களை நோக்கி நீண்டிருந்தது. கறுப்பு வெள்ளையில் வேறு யாருடைய கையோ போலிருந்தது.

கீழே சின்ன அட்டையில் இருந்ததை நாத்தனார் மெல்லப் படித்துச் சொன்னாள். 'நெடுஞ்சாலையில் ஒரு தாய்' என்று எழுதியிருந்ததாம்.

நாத்தனார்தான் இதைக் கண்டுபிடித்தவள். பஸ்ஸின் முதுகில் ஒட்டியிருந்த கண்காட்சி விளம்பரத்தில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடி வந்து அண்ணியிடம் சொன்னாள். அண்ணன்காரன் காதில் விழாததுபோல எழுந்து வெளியே போய்விட்டான்.

வெள்ளம் வந்த அன்று அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேலையில் மாட்டிக்கொண்டிருந்தவன். அன்றைக்கு என்ன நடந்தது என்று இதுநாள்வரை அவளிடம் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை லீவு. இருப்பதில் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

வழியில் இருந்த அறைகளையெல்லாம் நாத்தனார்தான் வேடிக்கை பார்த்தாள். சுவர் அகலத்துக்கு நீலம் மட்டும் பூசிய ஒரு படத்தின் முன் நின்று, சுண்ணாம்படிக்க வந்தவன் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டானா என்று கேட்டாள். இந்த ஏசிக்கு இங்கேயே பாயை விரித்துவிடலாம் என்றாள். அண்ணியைச் சிரிக்க வைக்கத்தான் அவ்வளவும்.

அண்ணி சிரிக்கவில்லை. அவள் தன் படத்தைப் பார்க்க வரவில்லை.

வெள்ளம் வீட்டில் ஒரு பொருளை விட்டுவைக்கவில்லை. மகனுடைய போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லை. வரவர அவன் முகம் அவளுக்குப் பிடிபடாமல் போய்க்கொண்டிருந்தது. மூக்கு ஞாபகத்துக்கு வந்தால் கண் வராது. கண் வந்தால் சிரிப்பு வராது.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் கிட்டே போனாள்.

இருந்தான். அவள் தோளில்தான் இருந்தான். முகத்தை அவள் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டு.

தெரிந்ததெல்லாம் ஒரு காதும், ஈரமான பிடரி முடியும், தொங்குகிற இரண்டு பாதங்களும்.

பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தாள். சட்டத்தோடு கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். இந்தப் பக்கம் வந்தாலும் அந்தப் பக்கம் போனாலும் அதே காதுதான்.

கோட்டைத் தாண்ட வேண்டாம் என்றார் காவலாளி. அதட்டவில்லை, தணிந்த குரலில்தான் சொன்னார். அப்போதுதான் தரையில் மஞ்சள் கோடு இருப்பதைப் பார்த்தாள். பின்னால் வந்துவிட்டாள்.

வாசல் பக்கம் சலசலப்பு. படம் எடுத்தவரே வந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து விளக்கம் சொல்வாராம். நரைத்த தாடி, கையில் ஊன்றுகோல்.

நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஊரே தண்ணீருக்குத் தப்பி நெடுஞ்சாலையில் நடந்துபோன காலை அது என்றார். தலைக்கு மேல் ஹெலிகாப்டர். அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. ஆனால் செத்த பிள்ளையைச் சுமந்து வருகிற ஒரு தாயின் அழுகையைக் காதால் கேட்க வேண்டியதில்லை, அந்த வாயைப் பாருங்கள், அந்தக் கையைப் பாருங்கள் என்றார். பிறகு முகாம் முகாமாக அவளைத் தேடி அலைந்ததாகவும் கிடைக்கவே இல்லை என்றும் சொன்னார். முன்னால் நின்ற ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவருடைய பார்வை வட்டமாக எல்லோர்மேலும் போய் வந்தது. அவள்மேலும் பட்டது. நரைத்த தலையும் கண்ணாடியுமாக நின்றவளைத் தாண்டிப் போயிற்று.

நாத்தனார் முழங்கையால் இடித்தாள். சொல்லுங்கள் என்று அர்த்தம்.

அவள் சொல்லவில்லை. கேட்டாள்.

"ஐயா, அன்னிக்கு உங்ககிட்ட வண்டி இருந்துச்சா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்படியொரு கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. யோசித்துவிட்டுப் பொறுமையாகவே பதில் சொன்னார்.

"இருந்துச்சும்மா. ஜீப்பு பின்னாடியேதான் நின்னுச்சு, டிரைவரும் இருந்தார். ஏன் கேக்கறீங்க?"

சும்மாதான் என்றாள்.

அவர் தலையசைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். கூட்டமும் கூடவே நகர்ந்தது. நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது படத்துக்கு முன்னால் அவர்கள் இரண்டு பேர்தான்.

படம் எடுத்த அந்த ஆளும் எங்களைப்போல நடந்துதான் வந்திருப்பார், அவர் மட்டும் வண்டிக்கு எங்கே போவார் என்று சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷமாக மனசைத் தேற்றி வைத்திருந்தாள்.

படத்தில் அவள் அழவில்லை.

பிள்ளைக்கு அப்போது உயிர் இருந்தது. காய்ச்சல் மூச்சு அவள் கழுத்தில் சுட்டுக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து, கையை நீட்டி, அந்த ஆளிடம் அவள் இதே கேள்வியைத்தான் கேட்டாள்.

இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டிருக்கலாம்.