பனையில் தொங்கிய கலயம்

ஒரு தோப்பில் வரியன் என்ற அணிலும் அவன் மனைவி பூவாலியும் கூடு கட்டி வாழ்ந்தார்கள். ஒருநாள் வரியன் பனையில் கட்டியிருந்த கள்ளுக் கலயத்துக்குள் தலையை விட்டு ஒரு வாய் குடித்துப் பார்த்தான். "உலகமே நமக்காகப் பழுத்திருக்கு புள்ள" என்று பாடிக்கொண்டே இறங்கி வந்தான். பூவாலிக்கும் சிரிப்பு வந்தது.

அதன்பிறகு அவன் பனை ஏறாத நாளே இல்லை. போகப் போக ஒரு வாய் போதவில்லை. இடுப்பளவு உள்ளே தொங்கிக் குடித்தும் முதல் நாள் சுகம் வரவில்லை என்று முனகினான். பூவாலி தேடிப் பறித்து வந்த கொய்யாவைக் கடித்துவிட்டு, "சக்கை மாதிரி இருக்கு" என்று துப்பினான்.

பூவாலி ஈன்ற குட்டிகள் கண் திறந்த காலையில் அவள் அவனை இழுத்து வந்து காட்டினாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"சந்தோஷமே வரல புள்ள. எனக்குப் பயமா இருக்கு."

"கள்ளு குடிச்சா வருதா?"

"அதுலயும் இப்ப வரல. குடிக்கலைன்னா கை கால் நடுங்குது, அதுக்குத்தான் போறேன்."

பூவாலி குட்டிகளை அணைத்துக்கொண்டாள்.

"என் வாலைப் பிடிச்சுக்க. விடச் சொல்லிக் கெஞ்சினாலும் விட்டுடாத" என்றான் வரியன்.

அவள் வாலைப் பல்லால் இறுகக் கவ்விக்கொண்டாள். வெயில் ஏறுமுன்பே அவன் கெஞ்சத் தொடங்கினான். பிறகு திட்டினான், அழுதான், திரும்பி அவள் காதைக் கடித்தான். வாய் திறந்து பதில் சொன்னால் வால் நழுவிவிடும் என்று, ரத்தம் சொட்டச் சொட்ட அவள் பேசாமல் இருந்தாள்.