எண்ணெய் டின்

"துண்ட எடு. உள்ள இன்னா வெச்சிருக்கே?"

டிரைவர் சாமிக்கண்ணு அசையவில்லை. மரியதாஸே துண்டைப் பிடுங்கினார். உள்ளே மூடி போட்ட தகர டின். தொட்டதும் விரலில் எண்ணெய் ஒட்டியது. பக்கத்தில் காரின் பானெட் திறந்து கிடந்தது.

"மூணு வாரமா பாத்துனு இருக்கேன். சனிக்கிழமை ஆனா துண்டுக்குள்ள டின்னு. செத்தவன் வண்டிதானே, கேக்க ஆளு இல்லன்னு நெனச்சியா?"

சத்தம் கேட்டு ஷெட் வாசலில் பாகூர்த் தெருவே கூடிவிட்டது.

மரியதாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் சோறு வடித்துவிட்டு ஊர் திரும்பிய 'சொல்தா', அதாவது பழைய சிப்பாய். ஊருக்கு அவர் 'முசே', பிரெஞ்சில் ஐயா. வண்டியைப் பற்றி முசேவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய மகனுடையது.

பிரான்ஸில் காய்ச்சலில் போன பிள்ளையை அங்கேயே புதைத்துவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்து சேர்ந்தது இந்த இரண்டு கதவு ஜப்பான் கார் மட்டும்தான். அதன் இன்ஜினுக்குள் பிஸ்டனே கிடையாதாம், ஒரு முக்கோணம்தான் சுற்றுமாம். ஊரில் பாதிப் பேர் இன்னும் அதை நம்பவில்லை.

தினமும் காலையில் சாமிக்கண்ணு ஸ்டார்ட் செய்வான். ஞாயிற்றுக்கிழமை கன்னியக்கோயில் வரை ஒரு ஓட்டம். மற்ற நாளில் மரியதாஸ் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்பார். பிள்ளை மூச்சு விடுகிற மாதிரி இருக்கும்.

"நல்லா இருக்குதாடா?"

"சோக்கா இருக்குது முசே."

"இது நின்னா நானும் நின்னுடுவேன்டா."

நூறு தடவை சொல்லியிருப்பார். அதைக் கேட்டுக்கொண்டே இருந்தவன்தான் இந்த வேலை பார்த்திருக்கிறான்.

"திருடுனியா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

சாமிக்கண்ணு வாயைத் திறந்தான். காரைப் பார்த்தான், முசேவின் முகத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"சொல்லுடா."

"திருடுனேன்னே வெச்சிக்குங்க முசே."

"சாவிய வெச்சிட்டுப் போ."

வாசல்வரை போனவன் நின்றான். "வேற டிரைவர் ஒருத்தர வெச்சிடுங்க முசே. சனிக்கிழமைக்குள்ள வெச்சிடுங்க."

"எனக்கு நீ புத்தி சொல்றியா? போடா."

அப்புறம் பாகூரில் யாரும் அவனை நம்பி ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. 'டின்னு சாமிக்கண்ணு' என்று பெயர் வைத்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரைவிட்டே போய்விட்டான். திருக்கனூர் சந்தையில் மூட்டை தூக்குவதாகக் கேள்வி. மரியதாஸுக்கு இரக்கம் வரவில்லை. டின்னைத் திறந்துகூடப் பார்க்காமல் சாட்சிக்கு ஷெட் பரணில் வைத்துக்கொண்டார்.

வேறு டிரைவரும் வைக்கவில்லை. சாவியைத் திருப்ப அவருக்குத் தெரியாதா என்ன? தினமும் அவரே திருப்பினார், அவரே கேட்டார்.

சில மாதம் கழித்து உள்ளே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த வண்டியில் விளக்குக்கா பஞ்சம், எரியட்டும் என்று விட்டுவிட்டார். பிறகு, இன்ஜினை அணைத்த கையோடு சாவியைத் திருப்பினால் பிடிக்கவில்லை, ஆறினால்தான் பிடித்தது. பிறகு புகை கக்கியது. ஒருநாள் காலையில் எத்தனை தடவை திருப்பியும் வெறும் கர்கர்தான்.

மதகடிப்பட்டிலிருந்து மெக்கானிக் ரஷீத் பாய் வந்தார். துபாயில் இந்த மாதிரி இன்ஜினைப் பிரித்துப் பார்த்தவர். பிளக்கைக் கழற்றிவிட்டு, "திருப்புங்க முசே" என்றார்.

ஃபுஸ்... அவ்வளவுதான். கொஞ்சம் விட்டு மறுபடி ஒரு ஃபுஸ்.

ரஷீத் உதட்டைப் பிதுக்கினார். "மூணு மூச்சு சமமா வரணும். முக்கோணத்துக்கு மூணு பக்கம், பக்கத்துக்கு ஒண்ணு. இப்ப ஒண்ணுதான் வருது. ரெண்டு போயிடுச்சி."

"சரி பண்ணுங்க பாய்."

"மொத்தமா பிரிச்சிப் புதுசா கட்டணும் முசே. அதுக்கு சாமான் இங்க எங்கயும் கெடைக்காது. இத்தோட விட்டுடுங்க."

மரியதாஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். மகன் இரண்டாவது முறை செத்துப்போனான்.

ரஷீத் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினார். துடைத்து வைத்ததுபோல் காய்ந்து கிடந்தது. "சொட்டு எண்ணெய் இல்லியே. இத்தினி நாளும் யாரு ஊத்துனது?"

"ஊத்துறதா? ஒருத்தன் திருடினு இருந்தான்."

"இது எண்ணெய் குடிக்கிற இன்ஜின் முசே. செஞ்சதே அப்படித்தான். மத்த வண்டி குடிச்சா இன்ஜின் சாவப்போவுதுன்னு அர்த்தம். அது தெரிஞ்ச டிரைவரு இதையும் பாத்து பயந்துதான் போவான். ஆனா இது குடிச்சாதான் உசுரோட இருக்கும். வாராவாரம் யாரோ ஊத்தாம இது ரெண்டு வருசம் ஓடியே இருக்காது."

திறந்து மூடிய சாமிக்கண்ணுவின் வாய் மரியதாஸின் கண்முன் வந்தது. 'இது நின்னா நானும் நின்னுடுவேன்டா' என்று அவனிடம் நூறு தடவை சொன்னதும் காதில் கேட்டது. எழுந்துபோய்ப் பரணிலிருந்து டின்னை எடுத்து வந்தார்.

"இத்தப் பாருங்க பாய். இது வண்டியில இருந்து எடுத்ததுதானே? சொல்லுங்க, எடுத்ததுதானே?"

ரஷீத் மூடியைத் திருகி விரலை விட்டுப் பார்த்தார்.

"ஓடுன எண்ணெய் மையாட்டம் கறுத்திருக்கும் முசே. இது தேனாட்டம் இருக்குது. கடையில வாங்குன புது எண்ணெய்."